அடும்பும் அடம்பனும்

பூங்கா என்னுஞ் சொல் தமிழிற் பழையது. மலர் நிறைந்த சோலையைக் குறித்து வந்த அச்சொல், அரசு காக்கும் காட்டையும் கழியையும் புல்வெளியையும் குறிக்கத் தலைப்பட்டது இருபதாம் நூற்றாண்டிலேயாம். யாலவும் வில்பத்துவும் 1938 இல் தேசிய பூங்காக்கள் ஆயின. யானையும் சிறுத்தையும் கரடியும் உலவும் இடத்தைப் பூங்கா என்றழைப்பது முதலிற் சிலருக்குச் சிரிப்பை மூட்டியிருக்கவுங் கூடும். சொல்லினும் வியப்பானது அதன் பின்னே நிற்கும் எண்ணம். நிலத்தை அரசு காப்பதோடு அமையாது, அதனைக் குடும்பங்களுக்கு அறிமுகஞ் செய்தலும் வேண்டும். தாய், தந்தை, பிள்ளைகள் கூடி நடக்க, அறிந்தவர் ஒருவர் உடன் சென்று மரத்தையும் பறவையையும் காட்டிப் பேச வேண்டும் என்பதே அவ்வெண்ணம்.

அமெரிக்காவின் யொசெமிற்றிப் பூங்காவில் 1920 ஆம் ஆண்டுக் கோடையில் ஹரோல்ட் பிறையன்ற், லோய் மில்லர் என்னும் உயிரியலாளர் இருவர், வந்தோரைக் கட்டணமின்றி அழைத்துச் சென்று இயற்கையை விளக்கினர். நாளடைவில் அது அந்நாட்டின் தேசிய பூங்காக்களிலும் மாநிலப் பூங்காக்களிலும் ஒரு தனித்தொழிலாகவே வளர்ந்தது. அத்தொழிலுக்கு இலக்கணம் வகுத்தவர் என மதிக்கப்படும் ஃபிறீமன் ரில்டன், 1957 இல் வெளியிட்ட நூலில், பிள்ளைகளுக்குச் சொல்வது பெரியோருக்குச் சொல்வதன் நீர்த்த வடிவமாக இருத்தலாகாது, அதற்கு வேறொரு வழியே வேண்டும் என வற்புறுத்தினார். பிள்ளையின் கேள்வி பெரியவரின் கேள்வி போன்றதன்று என்பதை ஆசிரியராக இருந்தோர் அறிவர்.

ரொறன்ரோ நகரின் கிழக்கே, ஸ்காபரோவை ஒட்டிக் கிடக்கின்றது றூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா. தனிச் சட்டமொன்றின் கீழ் 2015 இல் நிறுவப்பெற்ற அது 79 சதுர கிலோமீற்றர் அளவு பரப்புடையது. உட்செல்லக் கட்டணம் இல்லை. வழிகாட்டியுடன் நடத்தல், கூடாரம் அடித்து இரவைக் கழிக்கக் கற்றல் முதலியன குடும்பங்களுக்கென அங்கு நடத்தப்படுவன. அரிதாகிவிட்ட பிளாண்டிங் ஆமையின் குஞ்சுகள், விலங்கியற் பூங்காவில் வளர்க்கப்பட்டு, 2014 முதலாக அப்பகுதியின் ஈரநிலங்களில் விடப்பட்டன. ஸ்காபரோ தமிழர் செறிந்து வாழும் இடம். அக்குடும்பங்களுட் புங்குடுதீவைப் பூர்வீகமாகக் கொண்டவை பல. ஆகவே, குறிகாட்டுவானிலோ மடத்துவெளியிலோ பிறந்த ஒருவரின் பேரப்பிள்ளை இன்று மேப்பிள் மரத்தின் வகைகளைப் பிரித்தறிகின்றது. ஆமையோட்டின் கோடுகளை எண்ணுகின்றது. பனியிற் பதிந்த அடியைக் கண்டு இது முயல், இது நரி என்கின்றது. இது குறைகூறத்தக்கதன்று. வாழும் மண்ணை அறிதல் அம்மண்ணுக்குச் செய்யும் மரியாதை. கேள்வி வேறிடத்தில் உள்ளது: அப்பிள்ளையின் பாட்டனார் பிறந்த தீவை அதற்குக் காட்டுபவர் யார்?

புங்குடுதீவில் அரசின் பூங்கா எதுவும் இருந்ததில்லை. புங்கமரத்தால் அது பெயர்பெற்றது என்பர். ஒல்லாந்தர் தம் நாட்டு நகரொன்றின் பெயரை எடுத்து மிடில்பேர்க் எனச் சூட்டிப் பார்த்தனர், பெயர் ஒட்டவில்லை. ஆறில்லை, மலையில்லை, காடென்று சொல்லத்தக்க காடும் இல்லை. (பெருங்காடு என்னும் பெயரில் ஒரு வட்டாரம் இருப்பது வேறு செய்தி.) பனையும் பூவரசும் வேம்பும் ஆலும், கரையோரத்தில் தாழையும் கண்டலும், அவற்றுக்கப்பால் முழங்காலளவு ஆழத்தில் நெடுந்தூரம் விரியும் கடலும் என, இவ்வளவே. இவ்வளவையும் அத்தீவின் பிள்ளைகள் அறிந்தது எந்த நிகழ்ச்சிநிரலாலும் அன்று, வேலையால் அறிந்தனர்.

ஆவணியிற் பனம்பழம் விழும். விடியுமுன் எழுப்பிப் பழம் பொறுக்க அனுப்பப்பட்ட சிறுவன், எந்தப் பனையின் பழம் இனிக்கும், எதன் பழம் கயர்க்கும் என்பதை இருட்டிலேயே அறிந்திருந்தான். பிழிந்த களி பாயிற் காய்ந்து பனாட்டாகும். விதைகள் பாத்தியில் அடுக்கப்படும். மாரிமழை அவற்றை முளைக்க வைக்கும். தைப்பொங்கலை அண்டிப் பாத்தி கிண்டினாற் கிழங்கு. அதனைக் கிழித்துக் காயவிட்டால் ஒடியல். அவித்துக் காயவிட்டாற் புழுக்கொடியல். ஒரு விதையின் வரலாறு முழுவதும் முற்றத்தை விட்டகலாமலே கற்பிக்கப்பட்டது. வடலி ஆணா பெண்ணா என்று அது பூக்கும்வரை எவராலும் சொல்ல இயலாது. பூப்பதற்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேற் செல்லும். தன் வயதொத்த வடலி பாளை விடுவதைக் காணும் வரை ஒரு பிள்ளை காத்திருந்தமையும் ஒருவகை உயிரியற் பாடமே.

காற்றுக்கும் பெயர்கள் இருந்தன. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து வீசுவது சோழகம். ஐப்பசிக்குப் பின் மழையைக் கொண்டு வருவது வாடை. இவற்றிடையே கிழக்கிலிருந்து வருவது கொண்டல். காற்று மாறினாற் படகு இழுத்துக் கட்டும் இடம் மாறும், வலை விரிக்கும் பக்கம் மாறும், கரையொதுங்கும் சாதாளை வடக்குக் கரையை விட்டுத் தெற்குக் கரைக்குப் போகும். அதனை அள்ளித் தோட்டத்துக்கு உரமாக்கச் சென்ற சிறுவர், காலில் ஒட்டிய சங்கையும் மட்டியையும் நண்டையும் பற்றி அறிந்தது அவ்வேலையின் உபரி எனலாம்.

இதனை இன்பமான கல்வி என்று புகழ்ந்துவிட முடியாது. பழம் பொறுக்கப் பிந்தியவனுக்கு அடி விழுந்தது. தண்ணீருக்கு அனுப்பப்பட்ட சிறுமிக்கு அன்றைய பள்ளி தவறியது. ஆயினும் அறிவு கைமாறியது. கைமாறுகின்றது என்பதைக் கொடுத்தவரும் உணரவில்லை, பெற்றவரும் உணரவில்லை. உணராமற் கைமாறும் செல்வத்துக்கு ஓர் ஆபத்து உண்டு: அது நின்றுபோன நாளும் எவருக்குந் தெரியாது.

புங்குடுதீவைப் பொறுத்தவரை அந்நாள் ஓரளவு குறிப்பிடக்கூடியதே. 1990, 1991 ஆம் ஆண்டுகளின் போர்ச்சூழலில் தீவக மக்களிற் பெரும்பாலோர் ஊரை விட்டுப் பெயர்ந்தனர். குடாநாட்டுக்கும் வன்னிக்கும் கொழும்புக்கும், அங்கிருந்து சுவிற்சலாந்து, பிரான்சு, இங்கிலாந்து, கனடா ஆகிய நாடுகளுக்கும் சென்றவர் பலர். மீண்டு வந்து குடியேறியோர் சிறு பகுதியினரே. கூரையிழந்த வீடுகளுக்குள் இன்று ஆலும் வேம்பும் வளர்கின்றன. தூர்ந்த கிணறுகளைப் பற்றை மூடியிருக்கின்றது. வெளிநாட்டிலிருந்து பார்ப்பவருக்கு அது இயற்கையின் மீட்சி போலத் தோன்றலாம். ஊரவருக்கு அவ்வாறு தோன்றுவதில்லை. 1990 இல் இருபது வயதாயிருந்தவர் இன்று ஐம்பத்தைந்தைத் தொட்டோ கடந்தோ நிற்கின்றார். காற்றின் பெயரைத் தொழிலால் அறிந்த கடைசித் தலைமுறையினர் அவரும் அவரின் மூத்தோருமே.

வெளிநாட்டுப் பள்ளிகளின் நீண்ட விடுமுறை ஆடி ஆவணியில் வருகின்றது. கோயில் திருவிழாவுக்கும் காணி பார்ப்பதற்கும் குடும்பங்கள் வருகின்றன. அவ்வாறு வந்த குடும்பமொன்றில் பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். பூங்கா நடைகளிற் பழகியவன்; கையிற் சிறு குறிப்பேடு. கடற்கரை வெளியிற் செம்மை படர்ந்து கிடந்த செடியொன்றைப் பிடுங்கி வந்து விறாந்தையில் இருந்த பாட்டியிடம் நீட்டினான்.

“அம்மம்மா, இதுக்கு என்ன பேர்?”

“இதென்ன மோனை, உமிரியெல்லோ. அரிசி இல்லாத காலத்திலை அவிச்சுத் திண்டனாங்கள்.”

“உங்களுக்கு ஆர் சொல்லித் தந்தது?”

“ஆர் சொல்லித் தாறது? கூடப் போனால் தெரியுந்தானே.”

அதன்பின் அரைமணி நேரம் அவர் பேரனுடன் வேலியோரமாக நடந்தார். பன்னிரண்டு பெயர்கள் குறிப்பேட்டில் ஆங்கில எழுத்தில் ஏறின. ஆடு தின்னும் இலை எது, தின்னாதது எது, எதன் பால் கண்ணிற் படலாகாது, எதனை அரைத்துக் காயத்துக்குக் கட்டலாம் என்பனவும் சேர்ந்தன. எட்டு வயதில் ஊரை விட்டுப் போயிருந்த மகளும் பின்னால் நடந்து வந்தாள். அப்பெயர்களிற் பலவற்றை அவளும் அன்றுதான் கேட்டாள். வாசலில் வான் வந்து நின்று குழல் ஊதியது. அடுத்த கோயிலுக்கு நேரமாகிவிட்டது.

‘கூடப் போனால் தெரியும்’ என்ற அம்மூதாட்டியின் சொல்லுக்கும் ரில்டனின் நூலுக்கும் இடையே தூரம் அதிகமில்லை. கூடப் போவதற்கு ஒருவர் வேண்டும், போவதற்கு நேரம் வேண்டும், போகுமிடத்தில் நிற்க அனுமதி வேண்டும். பூங்கா நிகழ்ச்சி என்பது இம்மூன்றையும் ஏற்பாடு செய்து தருவதேயாகும். புங்குடுதீவுப் பாட்டிக்கும் பேரனுக்கும் இடையில் அவ்வேற்பாடு அரைமணி நேரமே வாய்த்தது, அதுவும் தற்செயலாக.

பல்கலைக்கழகத்தில் தமிழ் படிப்போரும் படிப்பிப்போரும் இவ்விடத்திற் சற்றே சிந்தித்தல் தகும். நெய்தல் நிலத்தின் அடும்பைப் பற்றி விரிவுரைகள் நிகழ்கின்றன; குறிஞ்சிப்பாட்டிற் கபிலர் அடுக்கும் தொண்ணூற்றொன்பது மலர்களுள் அதுவும் ஒன்று எனத் தேர்வில் எழுதிப் புள்ளி பெறுகின்றனர். விடுமுறையில் ஊருக்குச் சென்று கடற்கரை மணலிற் படர்ந்த அடம்பன் கொடியை மிதித்து நடக்கின்றனர். இரண்டும் ஒன்றே என்பதை அறியாதோர் அவர்களுட் குறைவல்லர். பழந்தமிழ்க் கவிதையில் இயற்கை பெற்ற இடத்தை ஆராய்ந்து, 1952 இல் நூலாக்கி, பின்னர் 1966 இல் ‘லான்ட்ஸ்கேப் அண்ட் பொயட்ரி’ என்ற பெயரில் உலகுக்கு மீண்டும் அளித்த தனிநாயகம் அடிகள் ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொன்னிற் பிறந்தவர். தீவகம் அவருக்கு நெய்தலை நூலுக்கு முன்பே அறிமுகஞ் செய்திருக்கும் என ஊகிப்பது மிகையாகாது. நூல் இன்று கையில் இருக்கின்றது. நிலந்தான் கையை விட்டு நழுவுகின்றது.

தீவகத்திற் பூங்கா அறவே இல்லை என்பதும் சரியன்று. குறிகாட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள நெடுந்தீவில், 1,800 ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலம் 2015 யூன் மாதத்தில் தேசிய பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. 1938 முதற் சரணாலயமாயிருந்த சுண்டிக்குளமும் அதே வேளையில் தேசிய பூங்காவாயிற்று. நெடுந்தீவின் சிறப்பு, ஐரோப்பிய ஆட்சியாளர் வளர்த்த குதிரைகளின் வழிவந்து கட்டற்றுத் திரியும் குதிரைகள். பாக்கு நீரிணைக்கு அப்பால், 1967 இற் சரணாலயமான கோடியக்கரையிலும் அவ்வாறு காடேறிய குதிரைகள் உண்டு. வறட்சி கடுமையான ஆண்டுகளில் நெடுந்தீவுக் குதிரைகள் நீரின்றி மடிகின்றன.

அங்குச் செல்லும் குடும்பங்களின் பயணம் பெரும்பாலும் ஒரேமாதிரி அமைகின்றது. வாகனம் ஒன்றை அமர்த்திக் கொள்வர். குதிரைகளைத் தூரத்தே காண்பர். பெருக்கு மரத்தின் பொந்துக்குள் அனைவரும் புகுந்து படம் எடுப்பர். கோட்டை, வளரும் கல், பெரிய பாதம் ஆகியவற்றைத் தொட்டுவிட்டுத் திரும்பும் படகைப் பிடிக்க விரைவர். பெருக்கு மரத்தின் தாயகம் ஆபிரிக்கா என்பதோ, அதனை அரபு வணிகர் கொணர்ந்தனர் என்ற வழக்கோ, கொழுத்த அதன் அடிமரம் நீரைத் தேக்கி வைப்பது என்பதோ பலரின் காதில் விழுவதில்லை. நீருக்காகக் குதிரை சாகும் தீவில் நீரைச் சேமித்து நிற்கும் மரம்: ஒரு பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்? படம் எடுத்தவர் இறங்கி வந்துவிடுகின்றனர்.

இலங்கையின் தேசிய பூங்காக்களிற் பொதுவாக விருந்தினர் வாகனத்தை விட்டு இறங்குதல் கூடாது. யானைக்கும் சிறுத்தைக்கும் அஞ்சி ஏற்பட்ட விதி அது; யாலவில் அது நியாயமானதே. தீவகத்தில் யானையில்லை, சிறுத்தையில்லை. சுருட்டை விரியனுக்கு அஞ்சிக் காலடி பார்த்து நடந்தாற் போதும். நாட்டிலேயே பிள்ளைகளுடன் காலால் நடந்து கற்க மிகவும் ஏற்ற நிலம் இதுவாகவே இருத்தல் கூடும். ஆயினும் பூங்கா என்றவுடன் வாகனத்தையும் அனுமதிச் சீட்டையுமே எண்ணும் வழக்கம் இங்கும் தொற்றியுள்ளது. தெகிவளை விலங்கியற் பூங்காவில் 1972 இல் இளம் விலங்கியலாளர் சங்கம் தோன்றியது. கொழும்புப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு களப் பறவையியற் குழு 1976 இல் அமைந்தது. இவை பல தலைமுறை மாணவரை உருவாக்கியவை. தீவகத்துப் பிள்ளைக்கோ தெகிவளை ஒரு நாட் பயணத் தொலைவு.

இனி, காலத்தைப் பற்றிய ஒரு சிக்கல். வெளிநாட்டுப் பிள்ளைகள் பெருவாரியாக வருவது சோழகக் காலத்தில். அப்போது நிலம் காய்ந்து, கிணறு தாழ்ந்து, கழிகளும் வெறிச்சோடியிருக்கும். வலசைப் பறவைகள் வருவதோ ஐப்பசி தொடங்கி. வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடையே வாணர் பாலம் என வழங்கும் தாம்போதியின் இருமருங்கும் ஆழமற்ற கடல். மாரிகாலத்தில் அங்கு உள்ளான்களும் ஆலாக்களும் வாத்துக்களும் கூடும். பூநாரைகள் வந்திறங்குவதும் உண்டு. அவை எங்கிருந்து வருகின்றன என்பதற்குத் தெளிவான சான்றுகள் அண்மையிற் கிடைத்தன. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர் மன்னாரில் 2021 இற் கருவி பொருத்திய கடற்காகங்கள், ருசியாவின் வடகோடியில் ஆர்க்டிக் கரைவரை சென்று மன்னாருக்கே மீண்டன. தாம்போதியின் ஓரத்தில் ஒற்றைக்காலில் உறங்கும் பறவையொன்றைக் காட்டி, இதற்கும் இரண்டு ஊர் உண்டு என்று சொன்னால், ஸ்காபரோச் சிறுவனுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியிராது. அவன் வரும் மாதத்தில் அப்பறவை இல்லை என்பதுதான் துன்பம். ஆதலால் ஆவணி நடை பனையையும் உமிரியையும் பற்றியதாகவும், மார்கழி நடை பறவையைப் பற்றியதாகவும் இருத்தல் வேண்டும். மார்கழி உள்ளூர்ப் பள்ளிகளுக்கும் விடுமுறைக் காலம். ஆவணியில் விருந்தினரின் பிள்ளை விதையை அடுக்கிய பாத்தியைத் தையில் உள்ளூர்ப் பிள்ளை கிண்டிக் கிழங்கெடுக்கும். அவ்வாறாவது இரண்டும் ஒன்றையொன்று அறிந்துகொள்ளும்.

எந்த மாதத்து நடையாயினும் கிணற்றடிக்குச் செல்லாமல் முடிதல் இயலாது. சுண்ணக்கல்லிலும் மணலிலும் ஊறிய மழைநீர், நிலத்தடியில் உவர்நீரின்மேல் வில்லைபோல மிதக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடிக்கு நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு அது உவரை அமுக்கி நிற்கும் என்பது பௌதிகக் கணக்கு. மேலே ஓரடி குறைந்தாற் கீழே நாற்பதடி உவர் ஏறும். துலா மெல்ல இறைத்தது. இயந்திரம் விரைந்து இறைக்கின்றது. இதனை ஒரு கண்ணாடிக் குவளையும் எண்ணெயும் கொண்டு பத்து வயதுப் பிள்ளைக்கு விளக்கிவிடலாம்.

அதே கிணற்றடியில் விளக்குவதற்கு அரியது இன்னொன்றும் உண்டு. நன்னீர்க் கிணற்றில் எல்லோரும் அள்ள விடப்படவில்லை. தாழ்த்தப்பட்டோராக ஒதுக்கப்பட்ட மக்கள், தம் குடத்தில் மற்றவர் ஊற்றும் வரை வெயிலிற் காத்து நின்றனர். புங்குடுதீவைச் சேர்ந்த எழுத்தாளர் மு. தளையசிங்கம் 1971 இல் அம்மக்களின் நீருரிமைக்காக முன்னின்று போராடினார். 1973 இல், நாற்பது வயதை எட்டாமலே மறைந்தார். இயற்கையைக் காட்டும் நடை இதனை மறைத்துவிட்டுக் கிணற்றின் அழகை மட்டும் பேசுமாயின், அது பொய் நடையாகும். பிள்ளைகளுக்கு இது வேண்டாம் எனச் சிலர் தயங்குவர். பிள்ளைகள் நீதியற்றதை விரைவில் விளங்கிக்கொள்வர், தயக்கம் பெரியோருடையது.

யார் நடத்துவது? வேடந்தாங்கலில், பறவைகளைச் சட்டம் காக்க முன்வருமுன், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஊரவர் காத்தனர். பறவையின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமென அவர்கள் கண்டிருந்தனர். அறிவும் நலனும் ஒரே கையில் இருந்தமையாற் காவல் நிலைத்தது. தீவகத்திலும் வழிகாட்டிகள் வெளியிலிருந்து வரவேண்டியதில்லை. ஓய்ந்திருக்கும் கடற்றொழிலாளி, பாய் பின்னிய பெண், சீவற்றொழிலாளி ஆகியோர் இருக்கின்றனர். அவர்களுக்குத் தெரிந்தது அறிவு என அவர்களுக்கே யாரும் சொல்லவில்லை. அதனைச் சொல்லும் எளிய வழி கூலி கொடுப்பது. கோபுரத்துக்கு வண்ணம் பூசப் பணம் அனுப்பும் ஊர்ச்சங்கங்களுக்கு ஒரு முதியவரின் காலைப்பொழுதுக்குக் கூலி கொடுத்தல் பெருஞ்செலவாகாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தாவரவியலும் விலங்கியலும் படிக்கும் மாணவர் ஒருவர் உடன் நடந்து பெயர்களை எழுதிக்கொண்டால், அவருக்கும் அது ஒரு பாடமாகும்.

மார்கழியில் நீர் வற்றும் நேரமாகப் பார்த்து, தாம்போதியில் விடியற்காலை ஆறு மணிக்குத் தொடங்கலாம். குடும்பங்கள் பத்துப் போதும். இருகண் தொலைநோக்கி இரண்டு இருந்தால் முறைவைத்துப் பார்க்கலாம். வெயில் ஏறுமுன் மடத்துவெளிக் கரைக்கு வந்துவிடலாம். நடப்பவர் குடிக்க வேண்டிய தண்ணீரை மட்டும் அக்கரையிலிருந்தே கொண்டுவந்துவிட வேண்டும்.